மேற்படியார்

'அஃபோர்ஸெய்ட்' என்ற சொல்லைக் காகிதத்தில் பார்த்தால் இன்றும் எனக்கு அது ஒரு பெண்குரலில்தான் கேட்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீல் ஐயாவின் இங்கிலீஷில் ஓர் ஆளின் பெயர் ஒரே ஒரு தரம்தான் வரும். பிறகெல்லாம் 'தி ஸெய்ட்', 'அஃபோர்ஸெய்ட்' என்றே கடைசிவரை ஓட்டிவிடுவார். வெயில் சாயும் நேரத்தில் அவர் உலவிக்கொண்டே சொல்ல, நான் பாதி மயக்கத்தில் தட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியே மில்லின் பஞ்சுத் துகள் மிதந்து வரும். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோகும்.

அப்படி ஒரு மாலையில்தான் அன்னூர்ப் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் தம் அண்ணனோடு வந்தார். ரங்கூன் போன கணவரைப் பற்றி வருஷக்கணக்கில் தகவல் இல்லை. அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிக் கொழுந்தனார் கிணற்றுத் தோட்டத்தை விற்கப் பார்த்தார். அதைத் தடுக்க வேண்டும். ஐயா கணவரின் பெயரைக் கேட்டதும் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கட்டியவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. அண்ணன்தான் சொன்னார்.

மனுவை ஐயா வாசித்துக் காட்டியபோது அம்மாள் நிமிர்ந்தார்.

"அதென்னங்க, அடிக்கொருக்கா ஒரே வார்த்தை வருது?"

"மேலே பேர் சொன்னமில்லீங்க அம்மணி, அவரேதான்னு அர்த்தமுங்க. மறுக்கா பேரைச் சொல்ல வேண்டியதில்லீங்க."

"இங்கிலீசுக்காரங்க ஊட்லயும் பேரைச் சொல்ல மாட்டாங்களாங்க?"

ஐயா சிரித்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல், புருஷன் பெயரைச் சொல் என்று விடாமல் நச்சரித்தார். கூண்டில் நின்றபடி, "அஃபோர்ஸெய்ட்டுங்க" என்றார் அம்மாள். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்காமல், மனுவைப் பார்த்துப் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார். விற்பனைக்குத் தடை கிடைத்தது. கணவர் நாளைக்கே வந்து இறங்கிவிடுவார் என்பதுபோல எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த கோடையில் அம்மாள் தனியாக வந்தார். ரங்கூனிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்து சேதி சொல்லிவிட்டுப் போனாராம். என்ன சேதி என்று அம்மாளும் சொல்லவில்லை, ஐயாவும் கேட்கவில்லை. வழக்குக் கட்டைத் தேடி எடுக்க வேண்டுமே என்று நான்தான், தோட்டம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவைத்தேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சென்னியப்பனுங்க" என்றார் அம்மாள், நிதானமாக. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிச் சொன்னா என்னங்க?" என்றார்.