வத்தல்மலை இறக்கத்தில் ஒரு வலது கால்

ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்த கையோடு தருமபுரி பஸ் நிலையத்தில் டவுன் பஸ் பிடித்தோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் காசு கிடையாது, வீட்டுக்காரருக்கு மட்டும்தான். "நடத்துங்க, உங்க ராஜ்ஜியம்" என்று முனகிக்கொண்டே சில்லறை எடுத்தார். வத்தல்மலை அடிவாரத்தில் இறங்கியபோது மணி ஏழரை. மேலே போக இப்போது தார்ரோடு இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. எங்களுக்கு அது வேண்டாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய ஒற்றையடிப் பாதையில் திரும்பினோம்.

நான் தையல்கடை வைத்திருப்பவள். வாரமெல்லாம் மெஷினில் குனிந்த முதுகு மலையைக் கண்டால்தான் நிமிரும். இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத பாதை குறைவு. ஆனால் இன்றைய நடை அவருக்காக. என் வீட்டுக்காரர் அருள்ராஜ் லாரி டிரைவர். போன வருஷம் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டி குறுக்கே கவிழ்ந்ததில் இவர் வலது கால் முறிந்தது. பிரேக் மிதிக்கிற கால்! டாக்டர் சரியாகிவிட்டது என்கிறார். லாரி ஓனர் நாளைக்கே வரச் சொல்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பையோட மலை ஏறி இறங்கிக் காட்டுங்க, அப்புறம் வண்டியத் தொடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மனுஷன் லோடு வண்டி மாதிரியே ஏறினார். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. உன்னிப் புதர் தாண்டி, மூங்கில் தாண்டி, பாறைச் சரிவுக்கு வந்ததும் காற்று சிலுசிலுவென்று மாறியது. கீழே தருமபுரி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. "கால் வலிக்குதாங்க?" என்று கேட்டேன். "நீ கேக்கறதுதான் வலிக்குது" என்றார். வாயைப் பாரு!

பத்தரைக்கு மலைமேல் பால்சிலம்பு ஊர். சாமைக்காடு, காபிச் செடி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி. வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "வூட்டுக்குள்ள வந்து குந்துங்க" என்று கூப்பிட்டு வெல்லக் காபி கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். அங்கேயே கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்து மூவரும் சாப்பிட்டோம்.

ஒரு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். இறக்கம் எனக்குக் கொண்டாட்டம், ஓடித்தான் இறங்குவேன். முன்னால் இவர் அங்குலம் அங்குலமாகப் போகிறார். போதாததற்கு, தலையில் மூட்டையோடு ஒருவர் ஏறி வர, பாறையோரமாக ஒதுங்கி நின்று என்னையும் இழுத்தார்.

"ஏறுற வண்டிக்குத்தான் வழி வுடணும்."

மூட்டைக்காரர் சிரித்தார். "டிரைவருங்களா?"

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. சரளையில் நாலு எட்டு எட்டிப் போட்டேன். ஐயோ! கால் நிற்கவில்லை. பக்கத்தில் பள்ளம். அவர்மேல் போய் மோதினேன். அவர் வலது காலைப் பாறையில் முட்டுக் கொடுத்தார். இரண்டு பைகள், இரண்டு உடம்புகள், அத்தனையும் அந்த ஒரு காலில். அசையவில்லை.

"நியூட்ரல்ல வுட்டுட்டியா? இறக்கத்துல எவனாவது நியூட்ரல் போடுவானா? பக்கவாட்டுல காலை வை. சின்னச் சின்னதா வை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளத்தைப் பார்த்து அல்ல. இனி இவரைப் பிடித்து வைக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்துவிட்டதால். பிறகு அவர் சொன்னபடியே, அவர் பின்னால், அடி மேல் அடி வைத்து இறங்கினேன்.

அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்தபோது நாலு மணி. டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தூக்கல். முதல் மடக்கு குடிப்பதற்குள் அவர் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். ஓனர்.

"அருளு, கால் எப்படி இருக்குது? நாளைக்கு வரியா?"

அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பேசினேன்.

"பிரேக் நல்லாவே புடிக்குதுங்க. நாளைக்கு வராரு."