மாதாவுக்கு நேர்ந்த பின்னல்

ஃப்ளோரன்ஸின் பின்னலைப் பற்றிப் பேசாத வாய் ராயபுரத்தில் கிடையாது. இடுப்புவரை தொங்கிய அதில் முக்கால்வாசி யானைக்கவுனியில் வாங்கிய சவுரி. சொந்த முடி எலிவால் கனம்தான். பெண் பார்க்க வந்த அன்று வைத்துக் கட்டியதைக் கல்யாணத்துக்குப் பிறகு கழற்ற வழியில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு தலைசீவியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள்.

துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் வால்டரின் கால் நசுங்கியபோதுதான் வினை வந்தது. பிள்ளை எழுந்து நடந்தால் மருமகளின் கூந்தலைக் காணிக்கை தருவதாக மாமியார் அடைக்கலமேரி வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். தன் தலையை நேர்ந்துகொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

வால்டர் நடந்துவிட்டான். வீடே சந்தோஷப்பட்டது. ஃப்ளோரன்ஸுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிற அன்று காலை மாமியார் சீப்போடு அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா புள்ள, எங்க ஓடினுகீற? மாதாவுக்குப் போற முடி, நானே சீவி வுடறேன். குந்து."

ஃப்ளோரன்ஸ் சவுரியைத் தானே உருவி அவள் மடியில் வைத்தாள். "இவ்ளோதான் அத்தே என்னுது."

"அடிப்பாவி! இதுக்கா நான் வெள்ளிக்கெழமைதோறும் திருஷ்டி சுத்திப் போட்டேன்?"

வைது முடித்த மாமியார், அந்த எலிவாலை மெதுவாகச் சீவத் தொடங்கினாள். "மாதா இன்னா முழம் போட்டா பாக்கப் போறா? உன்னுத குடு, போதும்."

தப்பித்தோம் என்று மூச்சுவிட்ட பிறகுதான் ஃப்ளோரன்ஸுக்கு உறைத்தது. இருக்கிற கொஞ்சமும் போகப்போகிறது; மொட்டைத் தலையில் சவுரிகூட நிற்காது. சீப்பு ஓட ஓட அவள் அழுதாள்.