நிழலைத் தேடி வந்தவை

லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய ஷெட்டில் ஈப்புழு வளர்க்கிறார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஹோட்டலில் மிஞ்சிய சோற்றைத் தின்று கொழுக்கும் புழுக்கள் கோழித் தீவனமாகும். போட்ட தீனியில் எவ்வளவு செரித்து உடம்பில் ஒட்டியது, எவ்வளவு மிஞ்சியது என்று நிறுத்துப் பார்ப்பது என் வேலை. அவை தின்னும் சத்தம், தகரத்தில் தூறல் விழுவதுபோல நாள் முழுக்கக் கேட்கும்.

ஒரு மத்தியானம், வெயில் விழும் வாசலில் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தால், புழுக்கள் ட்ரேக்களின் விளிம்பு தாண்டித் தரையில் இறங்கி, என்னை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. எழுந்து இடப்பக்கம் நகர்ந்தேன். அவையும் மெல்லத் திரும்பின.

என் அலறல் கேட்டு, கூட வேலை செய்யும் அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"பயப்படாதம்மா. இன்னிக்கு தீனில சாம்பார் ஜாஸ்தி. ஈரம் அதிகமானா செரிக்காது, ஏறி வெளிய வந்துடும்."

"என்கிட்ட ஏன்க்கா வருது?"

"உன்கிட்ட இல்ல. வெளிச்சம் ஆகாது அதுங்களுக்கு. உன் நிழல்ல வந்து ஒளியப் பாக்குது."

குனிந்து பார்த்தேன். தரையில் விழுந்திருந்த என் தலை நெளிந்துகொண்டிருந்தது.

இருவரும் கூட்டி அள்ளினோம். அக்கா தீனியில் தவிடு கலந்ததும் தூறல் சத்தம் மறுபடி தொடங்கியது. மறுநாள் முதல் நான் பஸ் ஸ்டாப்பில்தான் சாப்பிட்டேன். அக்காவும் தன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.