இரண்டரை அடி மாமன்

நில அளவைத் துறையில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் அளவு தாளில் இருந்தால் அது தரையிலும் இருக்கும் என்று நம்பியே பணிக்காலம் முழுவதையும் ஓட்டினேன். அந்த நம்பிக்கையோடுதான் பேத்தியின் காதணி விழாவுக்கு பேனர் அடிக்கப் போனேன்.

பேனர் எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. முந்தைய ஆண்டு புதுமனை புகுவிழா பேனரில் மருமகளின் அண்ணன் முகம் எலுமிச்சம்பழ அளவில், பந்தல்காரரின் செல்போன் எண்ணுக்குக் கீழே இருந்தது. அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். அளவு தெரிந்த மனிதர். பேனரை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார், சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அதன்பின் பேச்சு இல்லை.

இப்போது பேத்திக்குத் தாய்மாமன் அவர்தான். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வெற்றிலை பாக்கோடு போய் அழைத்தோம். பத்திரிகையை அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அவர் உள்ளறையிலிருந்து இருமினார். அதைச் சம்மதமாகக் கொள்ள எந்த விதியிலும் இடமில்லை.

“எங்கண்ணே வரலைன்னா காது குத்த வேணாம் மாமா. புள்ள கம்மல் இல்லாமலே வளரட்டும்” என்றாள் மருமகள்.

என் மனைவிதான் தீர்வு சொன்னாள். “அவரு மூஞ்சிய எல்லாரையும் விடப் பெருசாப் போடுங்க. உங்க மூஞ்சிய விடவும்.”

“போட்டோ வேணுமே. கேட்கவா?”

“கேட்டு வாங்கிப் போட்டா அதுக்குப் பேரு மரியாதையா? நாமளாப் போடணும்.”

இருந்தது ஒரே படம். மகன் கல்யாணத்தில் முப்பது பேர் நின்று எடுத்து, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் மாமன் பின்வரிசையில் ஐந்தாவது ஆள்.

முறைப்படி எழுதிக்கொண்டு போனேன். பேனர் பன்னிரண்டுக்கு எட்டு அடி. மாமன் முகம் உயரம் இரண்டு அடி ஆறு அங்குலம். என் முகம் ஒன்பது அங்குலம். இரண்டு பிரதிகள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம். பேனர் வைக்க எழுத்துபூர்வமான அனுமதியும் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் அப்படி வாங்கிய வேறொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் பெண், படத்தில் மாமன் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பார்த்தாள்.

“சார், இந்த மூஞ்சி உயரத்துக்கு அம்பது பிக்சல்தான் இருக்கு.”

“நான் அங்குலத்துல கேட்டிருக்கேம்மா.”

“இஞ்ச் எம்புட்டு வேணாலும் தரலாம் சார். ரெண்டரை அடின்னு அடிச்சா ரெண்டரை அடி வந்துரும். பிக்சல் வராது. அந்த அம்பதுதான் நீண்டு நிக்கும்.”

“சரி, ஒரு பிக்சல் எத்தனை அங்குலம்?”

“அது சொல்ல முடியாது சார்.”

சங்கிலி, லிங்க், சென்ட், ஏர்ஸ் என்று நில அளவைகள் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவன் நான். நீளமே சொல்ல முடியாத ஓர் அளவையை அன்றுதான் சந்தித்தேன். சட்டைப்பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து அவள் திரைமேல் வைத்தேன். அவள் மவுஸை உருட்டினாள். மாமன் நான்கு அங்குலத்திலிருந்து பத்து அங்குலமானார், கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

“இப்படித்தான் சார் வரும்.”

“நீங்க பெருசாக்கிப் பாக்குறீங்க. அதான் அப்படித் தெரியுது. பெருசாக்காம விடுங்க.”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “மாதிரிய உங்க போனுக்கு அனுப்புறேன். ஓகேன்னு போட்டுருங்க” என்றாள். போனில் பார்த்தேன். மாமன் கட்டைவிரல் நக அளவில் தெளிவாக, கம்பீரமாக இருந்தார். ஒப்புதல் அளித்தேன்.

விழா அன்று காலை மண்டப வாசலில் பேனரைக் கட்டினார்கள். பக்கத்தில் போய் நின்றேன். மாமனைக் காணோம். மீசை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டங்கள் மூன்று வரிசை. கண்ணுக்கு இரண்டிரண்டு கட்டம். ஸ்கேலை வைத்தேன். ஒரு பிக்சல் பதினைந்து மில்லிமீட்டர். கடையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் என் முகம் மட்டும் ஸ்டுடியோ படம் என்பதால் மரு வரை துல்லியம்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த என் பெரியப்பா மகன் பேனரை நெருங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஏன்டா, மாமன்காரன் மேல எதுவும் கேஸா? டிவியில திருடனுக்குப் போடுற மாதிரி மூஞ்சிய மறைச்சிருக்கீங்க?”

எலுமிச்சம்பழத்துக்கே ஓராண்டு பேசாதவர், இதற்கு எத்தனை ஆண்டு பேசாமல் இருப்பார்? அவிழ்க்கச் சொல்லி நான் வாய் திறக்கும்போது மருமகள் போனோடு ஓடிவந்தாள். பேனரைப் படம் எடுத்து ஏற்கெனவே அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். அவர் கட்டைவிரல் உயர்த்திய பொம்மையை அனுப்பியிருந்தார். பஸ் ஏறிவிட்டாராம்.

இனி பேனரை அவிழ்க்கவும் முடியாது, அவரை அதன் அருகில் விடவும் முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் போய், முகம் முகமாகத் தெரியும் இடம்வரை பின்னால் நடந்தேன். டீக்கடை பெஞ்சு வந்தது. அவரை அங்கேயே வரவேற்று, டீ வாங்கிக் கொடுத்து, பேனரைக் காட்டிவிட்டு, பந்திக் கூடத்தின் பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போவது என்று திட்டம். சந்தனக் கிண்ணத்தோடு என் மனைவியை டீக்கடையில் நிறுத்தினேன்.

அவர் வந்தார். டீ குடித்தார். எதிரே பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு, நாங்கள் தடுக்கும் முன், சாலையைக் கடந்து நேராகப் பேனருக்குப் போனார்.

ஒட்டி நின்று பார்த்தார். அண்ணாந்து கையை நீட்டி, தன் முகத்தைச் சாண் போட்டு அளந்தார். மூன்று சாணுக்கு மேல். பிறகு என் முகத்தை அளந்தார். ஒரு சாண்.

“வாங்க மாமா, உள்ள போவோம். நேரமாச்சுல்ல” என்றார்.

பேத்தி அவர் மடியில் உட்கார்ந்து, காதுக்கு ஒன்றாக இரண்டு முறை அலறினாள். அவர் இரண்டாம் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் காதருகே சொன்னார். “மூஞ்சி மட்டும் கொஞ்சம் கலங்கி இருக்கு மாமா. ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல போட்டோ அனுப்பியிருப்பேன்ல.” போனைத் திறந்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட செல்ஃபிகள் தள்ளத் தள்ள வந்தன. எல்லாவற்றிலும் பிக்சல் ஏராளம்.

போகும்போது தன் முகத்தை மட்டும் பேனரிலிருந்து வெட்டித் தரச் சொன்னார். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இப்போது அது அவருடைய ஆட்டுக் கொட்டகைமேல் தகரத்துக்கு ஒழுகல் தடுப்பு. வேடசந்தூர் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அந்தத் தூரத்துக்கு மீசை மிகத் தெளிவாக இருக்கிறது.