தார் பூசிய கோயில்

நார்வேக்குக் குடிபோன என் தங்கை, தன் கிராமத்து லூத்தரன் கோயிலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். முழுக்க மரத்தால் ஆனது. பல நூற்றாண்டு பழையதாம். கன்னங்கரேலென்று மின்னியது. இங்கே, பர்மாவின் பசுந்தாங்கில், எங்கள் சபைப் பெண்கள் படத்தை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, “கொடுத்து வச்சவ” என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கோயில் பெஞ்சுகளையோ கறையான் தின்றுகொண்டிருந்தது.

அந்த வாரமே போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, நேத்து கோயிலுக்குத் தார் பூசினாங்க. நம்ம பழைய வீட்டு வாசனை அப்படியே அடிச்சுது. அழுதுட்டேன்.”

அழுதாளாம்! பர்மாவில் மரவீட்டுக்குக் கறையான் அண்டாமலிருக்கக் கறுப்புக் கச்சா எண்ணெய் பூசுவோம். மழைக்கு முன்னால் வருடாவருடம் எங்கள் வீட்டுக்குப் பூசியவள் நான். முழங்கை வரை கறுப்பு ஏறி, தேய்த்தாலும் போகாது. அவளோ நாற்றம் குடலைப் பிடுங்குகிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதன் உச்சி மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். போனை வைத்ததும், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தேன்.

வெறும் சுண்ணாம்பு. அந்த வாசனையையும் அவளே கொண்டுபோய்விட்டாள்.