ஸாஸ்பேனில் வெந்த தோல்

ஆம்பூருக்குக் கிழக்கே, மெட்ராஸ்-பெங்களூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் அந்தப் பழைய வேன் நின்றிருந்தது. இங்கிலாந்திலிருந்து பாரசீகம், பஞ்சாப் என்று தரைவழியாகவே வந்த வண்டி. உள்ளே கட்டில், ஸ்டவ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஐம்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் அதில்தான் குடியிருந்தார்கள். சனிக்கிழமை மெட்ராஸில் கப்பல். அதற்குள் துறைமுகம் சேராவிட்டால் வண்டியை இங்கேயே விட்டுப் போக வேண்டும். அன்று வியாழன்.

ஊர்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டது அவர்களோடு இங்கிலீஷில் பேசுவதற்காக. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா. அப்பா அதே ஷாப்பில் தோலின் மயிர் கழிக்கிற சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர். பள்ளிக்கூட பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு வருஷமும் விவசாயம் என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

தண்ணீர் பம்பின் அச்சைச் சுற்றியிருந்த அடைப்பு நைந்து, ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது. ரிப்பேர் பார்க்க அந்த அம்மாள்தான் வண்டிக்கடியில் படுத்திருந்தார். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் மெட்ராஸிலேயே கிடைக்காது என்றார்.

"பேசாம எனக்கே குடுத்துட்டு ரயிலேறச் சொல்லு, தம்பி. இன்ஜினாவது உதவும்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். அம்மாள் தலையை வெளியே நீட்டாமலே முடியாது என்றார். அவ்வளவுதான், விளக்கமெல்லாம் இல்லை. அந்தத் தைரியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தோலில் வளையம் வெட்டி அடைக்கலாம் என்றேன்.

மெக்கானிக் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இன்னாப்பா, வண்டிக்குச் செருப்பு தெச்சுப் போடப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஷாப்புக்குச் சைக்கிளை மிதித்தேன். ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல்தான் எங்கள் ஊரின் பெருமை. அதில் நல்லதாகப் பார்த்து வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்துக் கொண்டுவந்தேன். அம்மாள் பொருத்தினார். வண்டி ஒரு மைல் ஓடியது. தண்ணீர் கொதித்ததும் வளையம் சுருண்டு, கட்டையாகிப்போனது. பெருமையில் யோசிக்காமல் விட்டேன். ஆவாரந்தோல் கொதிநீர் தாங்காது என்று ஷாப்பில் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும்.

"நாத்தம்தான் மிச்சம்," என்றார் மெக்கானிக்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டேன். ஷாப்பில் அப்போதுதான் பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்புப் போட்டுத் தோல் பதப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். சாம்பல் நீலத்தில் இருக்கும் அந்தத் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். ஆவாரந்துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். அம்மாளிடம் ஸ்டவ்வைப் பற்றவைக்கச் சொன்னேன். அவர் டீ போடும் ஸாஸ்பேனில் தண்ணீர் கொதித்ததும் இரண்டையும் உள்ளே போட்டேன். மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தார். ஆவாரந்துண்டு நொடியில் சுருண்டது. நீலத்துண்டு அசையாமல் கிடந்தது. கணவர் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் ஆனது என்றார். அப்போதும் அது அப்படியே இருந்தது.

"அண்ணே, உங்க கடையில இல்லாத சாமான் இது," என்றேன். "எங்க அப்பா வேல செய்யிற ஷாப்புலேர்ந்து வந்தது."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்து அம்மாளிடம் கொடுத்தார்.

நீலத்தோலில் வளையம் வெட்டிப் பொருத்தியதும், வேலூர் வரை நானும் வண்டியில் போனேன். பள்ளிகொண்டாவில் ஒருமுறை, கோட்டை எதிரில் ஒருமுறை நிறுத்திக் குனிந்து பார்த்தோம். பம்புக்கடியில் தரை காய்ந்தே இருந்தது. அம்மாள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. கப்பலுக்கு அப்புறமும் ரோடு இருக்கிறது, இன்னும் நாலு வளையம் வேண்டும் என்றார். மீதித் துண்டில் வெட்டிக் காகிதத்தில் மடித்தேன். மேலே இங்கிலீஷில் எழுதினேன்: ஆம்பூர் ஆட்டுத்தோல், குரோம், எண்ணெயில் ஊறவைத்துப் போடவும்.

அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, செய்தவன் தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகன் என்றும் எழுதினேன்.