முப்பதடி உயரத்தில் ஒரு கொட்டாவி

என் இதயம் மிக நன்றாக இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் நாமக்கல்லில் எடுத்த மூன்று இசிஜி சொன்னது. மூன்றாவது தடவை நெஞ்சில் பசை தடவ வந்த பெண் என்னை அடையாளம் கண்டு, "மறுபடியும் நீங்களா?" என்றாள், விருந்துக்கு வந்து கிளம்ப மறுக்கும் சொந்தக்காரனைக் கேட்பது மாதிரி.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறவன் நான். அந்த வளைவுகளில் ஏதாவது ஒன்றில் பயம் வந்திருந்தால் எனக்கும் கௌரவம், மலைக்கும் கௌரவம். எல்லா வளைவையும் கடந்து, சமதரையில் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் உட்கார்ந்து, பஜ்ஜியைக் கையில் எடுத்தபோதுதான் அது வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. சாகப்போகிறோம் என்று முடிவாகத் தெரிந்தது. பஜ்ஜியைக் கீழே வைக்கலாமா, கடித்துவிட்டுச் சாகலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அது நினைத்தபோதெல்லாம் வர ஆரம்பித்தது. கடைசியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். மலையாட்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால், பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு முக்காடுகள் உட்கார்ந்திருந்தன. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரில் இருந்த மூளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பொறுமையானவர். இரவில் ஒரு மாத்திரை, தாங்க முடியாத படபடப்பு என்றால் மட்டும் பகலில் அரை மாத்திரை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, குறைப்பதென்றால் நான்தான் குறைப்பேன் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"விசேஷத்துக்கு மட்டும்ங்க."

"இனிமே விசேஷத்துக்கும் கிடையாது. இதுவும் அதுவும் சேர்ந்தா மூச்சு மந்தமாயிரும். சில பேர் தூங்குனவங்க எந்திரிக்கிறதில்லை. என்ன வேலை பார்க்கறீங்க?"

"வெவசாயம்ங்க."

அவர் தலையாட்டினார். அவர் மனசில் வரப்பும் வாய்க்காலும் ஓடியிருக்கும். எங்கள் விவசாயம் முப்பதடி உயரத்தில் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மரம் ஏறக்கூடாது என்றிருப்பார். மிளகு பறிக்க மரம் ஏறாதவனை எங்கள் பக்கம் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். ஊருக்கு அது கேஸ் மாத்திரை. கேஸ் என்பது எங்கள் ஊரில் மரியாதையான வியாதி. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாசி மாதம் மிளகு பறிப்பு வந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகள் உச்சி வரை காய்த்துத் தொங்கும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால் எங்களுக்குள் மாத்தாள் வேலை: இன்று உன் தோட்டத்தில் நான், நாளை என் தோட்டத்தில் நீ. என் தோட்டத்து மரங்களில் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முதல் வாரமே வந்து ஏறிக் கொடுத்துவிட்டான். நான் அவன் தோட்டத்துக்குப் போகாமலிருக்க வழியே இல்லை.

அங்கேதான் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முதல் மரத்தின் அடியில் இருக்கிற கல்லுக்குச் சூடம் காட்டி, பிராந்தி பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றுவார்கள். மிச்சத்தை மரம் ஏறுகிறவர்கள் குடித்து முடித்துவிட வேண்டும். வேண்டாமென்று சொல்பவன் தோட்டக்காரன் மேல் மனசில் எதையோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த வருடம் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். நானும் அவனும்.

அன்று காலை வீட்டிலேயே எனக்குப் படபடப்பு. மரத்தை நினைத்துப் பயம், பாட்டிலை நினைத்துப் பயம். டாக்டர் சொன்ன அரை மாத்திரையை எடுத்தேன். ஓர் அரையின் தைரியம் போதாதென்று மறு அரையையும் போட்டுக்கொண்டேன். ஆக, பிராந்தியைக் குடிக்கப் பயந்து ஒரு முழு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிராந்தி இருக்குமிடத்துக்கு நடந்து போனேன். இதைவிடத் திறமையாக யாராலும் தனக்குத்தானே வலை பின்னிக்கொள்ள முடியாது.

மச்சினன் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினான்.

"வேண்டாம் மாப்ள. கேஸ் மாத்திரை போட்டிருக்கேன்."

"கேஸுக்கு இதைவிட நல்ல மருந்து எதுங் மாமா? நெஞ்சுல நிக்கறதெல்லாம் ஒரே ஏப்பத்துல வெளிய வந்துரும். புடிங்க."

இத்தனை நாள் வளர்த்த பொய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலையே கவ்வியது. நாலு பெண்கள் கீழே சிந்துகிற மிளகைப் பொறுக்கச் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடித்தேன். குடித்ததும், ஐயோ குடித்துவிட்டோமே என்று பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு இரண்டாவது டம்ளரைக் குடித்தேன். பிறகு ஏணியில் ஏறினேன்.

எங்கள் ஏணி என்பது ஒற்றை மூங்கில். பக்கக் கிளைகளை முழுக்க வெட்டாமல் விரல் நீளத்துக்கு விட்டிருப்போம், அதில்தான் கால் வைக்க வேண்டும். மேலே போய் ஏணியை மரத்தோடு கட்டிவிட்டு, ஒரு கையால் மரத்தை அணைத்து, மறு கையால் மிளகுச் சரங்களைக் கிள்ளித் தோளில் தொங்கும் சாக்கில் போட வேண்டும். முதல் கால் மணி நேரம் அற்புதமாக இருந்தது. பனி விலகி, தூரத்தில் வாசலூர்பட்டி ஏரி தகடு மாதிரி மின்னியது. படகில் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். பல மாதங்களில் முதல் முறையாக எனக்கு எதைக் கண்டும் பயமில்லை.

அப்போதுதான் கொட்டாவி வந்தது.

சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை கழன்று விழுகிற மாதிரி, கண்ணில் நீர் வர, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த கொட்டாவி. அது முடிவதற்குள் அடுத்தது. டாக்டரின் குரல் காதில் கேட்டது: சில பேர் எந்திரிக்கிறதில்லை. இந்த இடத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். வரவில்லை.

இங்கேதான் எனக்கு நடந்த துரோகத்தை எழுத வேண்டும். பஜ்ஜியைக் கையில் வைத்திருந்தபோது வந்தது, முடிவெட்டும் நாற்காலியில் வந்தது, கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்தது, கூப்பிடாமலே வந்தது. அன்று நானே கூப்பிட்டேன். 'வா, வந்து என் நெஞ்சை உலுக்கு, என்னை விழித்திருக்க வை' என்று கெஞ்சினேன். மாத்திரை அதைத் தூங்கவைத்திருந்தது. பிராந்தி அதற்குப் போர்வையும் போர்த்தியிருந்தது. அடுத்த போர்வை எனக்கு.

இறங்கலாமென்று கீழே கால் வைத்தேன். பாதத்துக்கு மூங்கில் கணு அகப்படவில்லை. கால் என் பேச்சைக் கேட்காமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது, தூங்கவும் கூடாது. தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, இடுப்பையும் மரத்தையும் சேர்த்து எப்படியோ இறுக்கி முடிச்சுப் போட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மரத்தில் கன்னத்தை வைத்தேன். பட்டை குளிர்ச்சியாக, தலையணை மாதிரி இருந்தது.

பக்கத்து மரத்தில் இருந்த மச்சினனைக் கூப்பிட்டேன். நாக்கு தடித்திருந்தது.

"மாப்ள, என்னைய எறக்கு. எனக்குத் தூக்கம் வருது."

"தூங்குங் மாமா. கனவுல ஒரு மூட்டை பறிச்சுருவீங்க."

"அது கேஸ் மாத்திரை இல்லடா! பயத்துக்குத் திங்கற மாத்திரை! குடிச்சா செத்துருவேன்னு டாக்டர் சொல்லீருக்காரு!"

பல மாத ரகசியம் முப்பதடி உயரத்திலிருந்து தோட்டம் முழுக்க விழுந்தது. கீழே நாலு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணனுக்கு யாரைக் கண்டு பயம்? அண்ணியக் கண்டா?" என்றாள் ஒருத்தி.

"அந்த மாத்திரை எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கியாங்கண்ணா. பயமே இல்லாமத் திரியறாரு, பயம் வர்றதுக்குக் குடுக்கோணும்" என்றாள் இன்னொருத்தி.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின வருடம் இதே தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டதென்று நுரை தள்ளிக் காட்டியவன் நான். நுரை, பல் தேய்க்கிற பேஸ்ட். அதற்கு முந்தின வருடம் செத்த மாதிரி படுத்து, ஒப்பாரி தொடங்கின பிறகு எழுந்து காப்பி கேட்டவனும் நான்தான். வாழ்நாள் முழுக்கச் சிரிப்புக் காட்டியவனுக்கு, உயிர் போகிற நேரத்தில் சீரியசான முகம் ஒன்று கிடைக்கவில்லை. இருப்பது ஒரே முகம், அதைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். துண்டு ஒரு கட்டு என்றால், இது அதைவிடப் பெரிய கட்டு.

கண் மூடிக்கொண்டது. திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. நடுவில் எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

திறந்தபோது கீழே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வேலையாட்களுக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேகவைத்துக் கூடையில் எடுத்து வந்திருந்தாள். பெண்கள் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கல்லடியில் கிடந்த டம்ளரை எடுத்து முகர்ந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எத்தனை மாத்திரை?"

"ஒண்ணு."

"எத்தனை கிளாஸு?"

"ரெண்டு."

"எப்பப் போட்டீங்க?"

"ஊட்ட விட்டுக் கெளம்பும்போது."

அவ்வளவுதான். தம்பியின் பக்கம் திரும்பி அவள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. "சாமி சத்தியமா அது நெசம்டா! ஏறி அவரைப் புடி! இப்பவே!"

சிரிப்பு நின்றது. மச்சினன் தன் ஏணியிலிருந்து சறுக்கி இறங்கி, அதையே தூக்கிக்கொண்டு ஓடி வந்து என் மரத்தின் மறுபக்கம் சாத்தினான். அவன் ஏறுகிற வரை என்னை விழித்திருக்க வைப்பது அவள் பொறுப்பு. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, வெந்த கிழங்கால் அடிப்பது.

"கண்ணை மூடாதீங்க!" ஒரு துண்டு என் தோளில் பட்டது. "எனக்கு எத்தனை சேலை எடுத்துக் குடுத்திருக்கீங்க, சொல்லுங்க!"

"ரெண்டு..."

"பாத்தீங்களா, இன்னும் நெனவு இருக்குது!" அடுத்த துண்டு காதில் பட்டது. சூடாக இருந்தது.

மச்சினன் என் உயரத்துக்கு வந்துவிட்டான். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. தோளில் கொண்டுவந்த கயிற்றை என் அக்குளில் சுற்றி மேலே கவட்டையில் போட்டுக் கீழே இருந்தவர்களிடம் நுனியைக் கொடுத்துவிட்டு, அரிவாளால் துண்டை அறுத்தான். அவன் முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மொதல்லயே சொல்லீருக்கலாம்ல மாமா?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன். ஆனா ஊத்தியிருக்க மாட்டேன்ல?"

நாலு பெண்கள் கயிற்றைப் பிடித்திருக்க, என் கால்களை ஒவ்வொன்றாக அவன் கணுவில் எடுத்து எடுத்து வைக்க, ஒரு மிளகு மூட்டையைப் போல நான் பூமிக்கு வந்து சேர்ந்தேன்.

ஜீப்பில் போட்டு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மனைவி என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் கிளிப் மாட்டி, மனைவி நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்தாள். "இதைப் போட்டுட்டுக் குடிச்சீங்களா? குடிச்சுட்டு மரமும் ஏறுனீங்களா?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது கேள்வி இருக்குமோ என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் வந்து பார்த்தார். சாயந்திரம் வரை அரை மணிக்கொரு தரம் மூச்சை எண்ணினார்கள். "அதிர்ஷ்டக்காரர்" என்றார் அவர். "இன்னும் ரெண்டு கிளாஸ் போயிருந்தா வேற கதை. மரத்துல இருந்து விழுந்திருந்தாலும் வேற கதை."

மறுவாரம் முக்காடு இல்லாமல் பழைய டாக்டரிடம் போனேன். மிளகு எங்கே காய்க்கிறதென்று படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்தான் குறைத்துக்கொண்டு வருகிறார். அட்டை மனைவியின் சுருக்குப் பையில் இருக்கிறது. சுருக்குப் பை அவள் இடுப்பில் இருக்கிறது. மரமேறக்கூடாது, குடிக்கக்கூடாது, தனியாக டவுனுக்குப் போகக்கூடாது. அறுத்துவிட்ட துண்டுக்குப் பதிலாக இப்போது மூன்று துண்டுகள் என் மேல்.

இந்த வருடமும் மாசி வந்தது. என் பங்கு மரங்களிலும் மச்சினனே ஏறினான். நான் தரையில் நின்று, நெஞ்சு உயரம் வரை தொங்குகிற சரங்களைப் பெண்களோடு சேர்ந்து கிள்ளினேன். பறிப்பு தொடங்குமுன் கல்லுக்குச் சூடம் காட்டிப் பாட்டிலைத் திறந்தவன், என் டம்ளரையும் நிரப்பினான். எனக்குத் திக்கென்றது. அவன் அதை எடுத்து அப்படியே கல்லின் தலையில் ஊற்றினான். "மாமன் பங்கையும் நீயே குடிச்சுக்க சாமி" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

சிரித்துக்கொண்டிருந்தபோதே வந்தது. விரல் மரத்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, கூப்பிட்டபோது வராத அதே ஆள். கெட்டியான தரையில், பட்டப்பகலில், ஒரு பயமும் இல்லாத இடத்தில். முன்பென்றால் கேஸ் என்று சொல்லிப் புதர்ப் பக்கம் போயிருப்பேன்.

"மாப்ள, வந்துட்டான்" என்றேன்.

அவன் ஏணியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் என் முதுகைத் தட்டினான், மாட்டைத் தட்டுவது மாதிரி. பிறகு பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பார்த்தான்.

"அவனுக்கு வேணா ஒரு கிளாஸ் ஊத்தட்டுங்களா மாமா?"

"வேண்டாம்டா" என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "அவனும் என் மாத்திரையத்தான் திங்கறான்."